கண் சிவந்தால் கொரோனாவா?

எண்ணூரில் கண் எரிவதற்குக் கொரோனா வரவேண்டியதில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல், காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியின் தூசு, மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் வரும் வாடை, துறைமுகத்துக்குள் நுழைய வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் புகை. இத்தனைக்கும் நடுவில் குடியிருப்பவருக்குக் கண் உறுத்தல் ஒரு புகாராகச் சொல்லத்தக்க விஷயமே இல்லை. காசிமேட்டில் இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுக் காலையில் கரையேறுகிறவரைக் கேட்டால், "கண்ணு சிவக்காம வேற என்ன கலர்ல இருக்கும்?" என்பார்.

இதே பகுதிதான் 2020 மே, ஜூனில் சென்னையின் தொற்றுப் பட்டியலில் முதலில் நின்றது. மாநகராட்சி தினமும் வெளியிட்ட மண்டலக் கணக்கில் ராயபுரத்தின் பெயர் மேலேயே இருந்தது. அப்போது தொடங்கி 2021 இரண்டாம் அலைவரை கண்ணைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளுக்குக் கணக்கே இல்லை. கண் சிவந்தால் கொரோனா, ஆக்சிஜன் வைத்தால் பூஞ்சை, வெங்காயத்தில் பூஞ்சை, மாத்திரையால் பார்வை போகும், ஊசியால் பார்வை போகும். அலை ஓய்ந்தும் இவற்றில் பாதி ஓயவில்லை. அவற்றைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கோளாறு இருப்பதாக எனக்குப் படுகிறது. கண்ணின் நிறம் மாறினால் பதறுகிறோம். பார்வை மாறினால் "சரியாப் போயிடும்" என்று படுத்துவிடுகிறோம். ஆபத்து இருப்பது பெரும்பாலும் இரண்டாவதில்.

"கண் சிவந்தால் கொரோனாதான்"

கொரோனாவில் கண் சிவக்கும் என்பது பொய்யல்ல. தொற்று வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் கண்ணில் ஏதோ ஓர் அறிகுறி இருந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி வெண்படல அழற்சி, அதாவது சிவப்பு, நீர் வடிதல், உறுத்தல். தானாக வந்து, சில நாட்களில் தானாகப் போகிறது. பார்வையைத் தொடுவதில்லை.

ஆனால் திருப்பிப் போட்டால் கணக்கு தப்பிவிடும். கொரோனா நோயாளிகளில் சிலருக்குக் கண் சிவக்கிறது என்பதால், கண் சிவந்தவர்களில் பலருக்குக் கொரோனா என்று ஆகாது. நம் ஊரில் மழைக்காலம் வந்தால் சிவந்த கண்ணுக்கு முதல் சந்தேகம் 'மெட்ராஸ் ஐ' மேல்தான் விழ வேண்டும். 1918-இல் இந்த ஊரில் முதலில் கண்டு சொல்லப்பட்டதால் ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்ட நோய் அது. பெரும்பாலும் அடினோ வைரஸ் வேலை. 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது பள்ளிக்கூடங்களில் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் சிவந்த கண்ணோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். அடுத்த ஏப்ரலில் ஆர்க்டூரஸ் என்று செல்லப்பெயர் வைக்கப்பட்ட எக்ஸ்பிபி.1.16 கொரோனா ரகம் வந்தது. குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு கண் அரிப்பும் பீளையும் வருவதாக இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கவனித்துச் சொன்னார்கள். இரண்டையும் கண்ணைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. காய்ச்சல், இருமல், தொண்டை வலி கூட இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது சளி இருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதிப்பதுதான் வழி.

தூசு, புகையால் வரும் எரிச்சலுக்கு வேறு குணம். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் எரியும். காற்றின் திசையோடு கூடும், குறையும். கழுவினால் ஆறும். காலையில் இமை ஒட்டிக்கொள்ளாது. மெட்ராஸ் ஐ வழக்கமாக ஒரு கண்ணில் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் மற்றதற்குத் தாவும். விடியும்போது இமையைப் பிரிக்கத் தண்ணீர் தேவைப்படும். இந்த வித்தியாசம் திருவொற்றியூரில் பாதிப் பேருக்குச் சொல்லாமலே தெரியும். தெரிந்தும் 2020-இல் பயந்தார்கள் என்றால் அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. தொற்றுப் பகுதி என்று தெரு வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம் கண் எரிச்சலைவிடப் பெரியது.

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது பாட்டி காலத்துப் பேச்சு. பார்வையால் எந்தக் கிருமியும் பயணிப்பதில்லை. கை, துண்டு, தலையணை உறை, பஸ் கம்பி வழியாகப் பயணிக்கிறது. கருப்புக் கண்ணாடி போட்டவருக்கு வெளிச்சம் கூசாமல் இருக்கும், அவ்வளவுதான்.

"வைரஸ் கண் வழியாகத்தான் உள்ளே போகிறது"

இந்தப் பேச்சுக்கு மூலம் ஒரு துயரமான உண்மை. வூஹான் மத்திய மருத்துவமனையின் லீ வென்லியாங், 2019 டிசம்பர் கடைசியில் புதிய தொற்றைப் பற்றி நண்பர்களை எச்சரித்து, அதற்காகப் போலீஸாரால் கண்டிக்கப்பட்டவர், ஒரு கண் மருத்துவர். அறிகுறியே இல்லாத கண் அழுத்த நோயாளி ஒருவரிடமிருந்து தனக்குத் தொற்றியதாக அவர் கருதினார். 2020 பிப்ரவரி 7 அன்று இறந்தார். கண் மருத்துவர் இறந்தார், ஆகவே கண் வழியாக வந்தது என்று ஊர் முடிச்சுப் போட்டுவிட்டது.

கண் பரிசோதனையில் மருத்துவரின் முகமும் நோயாளியின் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அந்த நெருக்கத்தில் மூச்சுக்காற்றே போதும். கண்ணின் வெண்படலத்திலும் வைரஸ் பற்றிக்கொள்ளத் தேவையான ஏற்பிகள் இருக்கின்றன. அதனால் கண் வழித் தொற்று நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. மருத்துவர்கள் முகத்தடுப்பு போட்டதும் அதனால்தான். ஆனால் பிரதான வாசல் மூக்கும் வாயும். நோயாளிகளின் கண்ணீரில் வைரஸைத் தேடியவர்களுக்கு அது அகப்பட்டது சிலரிடம் மட்டுமே.

"ஆக்சிஜன் வைத்ததால்தான் கருப்புப் பூஞ்சை"

2021 மே மாதத்தை நினைத்துப் பார்த்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. படுக்கைக்கு அலைச்சல், ஆக்சிஜனுக்கு அலைச்சல், அது முடிந்து உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தவருக்குக் கன்னம் வீங்கி, ஒரு கண் மூடிப்போய், மறுபடியும் ஆம்புலன்ஸ். கருப்புப் பூஞ்சையின் மருத்துவப் பெயரான மியூகார்மைகோசிஸை அதற்கு முன் தமிழ்நாட்டில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும்தான் அறிந்திருந்தார்கள். அந்த மே மாதத்திலேயே தமிழக அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூலைக்குள் நாடு முழுக்க 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்திருந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அதற்கான ஆம்போடெரிசின் ஊசி எங்கே கிடைக்கும் என்று குடும்பங்கள் ஊர் ஊராகப் போன் போட்டன.

அந்தப் பதற்றத்தில் காரணம் தேடியவர்கள் கையில் முதலில் அகப்பட்டது ஆக்சிஜன். தொழிற்சாலை சிலிண்டர்களை மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார்கள், அதில் அழுக்கு, ஈரப்பத பாட்டிலில் குழாய்த் தண்ணீர், அதனால் பூஞ்சை என்றார்கள். வெல்டிங் பட்டறைகள் நிறைந்த ஊரில் இது உடனே ஒட்டிக்கொள்ளக்கூடிய பேச்சு. பாட்டிலில் சுத்தமான நீர் வேண்டும் என்பது சரியான எச்சரிக்கைதான். ஆனால் காரணம் அது என்றால், ஆக்சிஜனே வைக்காதவருக்கு இந்த நோய் வந்திருக்கக் கூடாது. இந்தியக் கண் மருத்துவர்கள் சேர்ந்து 2,826 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2021-இல் வெளியிட்டார்கள். அதில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் 57 சதவீதம். மீதிப் பேர் ஆக்சிஜன் இல்லாமலே கொரோனாவைக் கடந்தவர்கள். அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன: சர்க்கரை நோய் உள்ளவர்கள் 78 சதவீதம், ஸ்டீராய்டு வாங்கியவர்கள் 87 சதவீதம்.

கதை அங்கேதான் இருக்கிறது. இந்தப் பூஞ்சையின் விதைத்துகள் மண்ணிலும் காற்றிலும் அழுகிய காய்கறியிலும் எப்போதும் உண்டு. நீங்களும் நானும் தினமும் சுவாசிக்கிறோம். ஆரோக்கியமான உடம்பில் வெள்ளை அணுக்கள் அதை மூக்கிலேயே முடித்துவிடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறி, அமிலம் கூடினால் அந்த அணுக்கள் சோர்ந்துபோகும். பூஞ்சைக்கு வேண்டிய இரும்புச் சத்தும் ரத்தத்தில் கட்டவிழ்ந்து கிடைக்கும். ஸ்டீராய்டு இரண்டு பக்கமும் தள்ளும்: எதிர்ப்பை அடக்கும், சர்க்கரையையும் ஏற்றும். கொரோனாவும் தன் பங்குக்குச் சர்க்கரையைக் கூட்டும். மூக்கின் பக்கத்து எலும்பறைகளில் குடியேறும் பூஞ்சைக்கும் கண்குழிக்கும் நடுவில் இருப்பது காகிதம்போல் மெல்லிய ஓர் எலும்புச் சுவர். அதைத் தாண்டினால் கண், அதற்கு அப்பால் மூளை. ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டே முன்னேறுவதால் சதை செத்துக் கறுக்கிறது. கருப்பு என்பது அந்தச் செத்த சதையின் நிறம். வெங்காயத் தோலிலும் ஃப்ரிட்ஜ் ரப்பரிலும் காணும் கரும்பொடி வேறு வகைப் பூஞ்சை. அதைப் பார்த்து வெங்காயத்தைக் கொட்டியவர்களுக்கு நஷ்டம் மட்டும்தான் மிச்சம். வெள்ளை, மஞ்சள் என்று தொலைக்காட்சிகள் நாளுக்கொரு நிறம் அறிவித்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. பூஞ்சை வந்த அப்பாவுக்குச் சோறு ஊட்டினால் பிள்ளைக்கு வராது.

ஸ்டீராய்டை வில்லனாக்குவதும் தப்பு. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள், ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வே சொன்னது. நம்மிடம் முதல் பாதி மட்டும் வந்து சேர்ந்தது. மருந்துக்கடையில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று சொல்லி வாங்கும் செட்டு மாத்திரையில், பெயரில்லாத காகிதப் பொட்டலத்துக்குள் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை இருக்கும், பல சமயம் அதுதான் ஸ்டீராய்டு. அது என்னவென்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, கொடுக்கிறவரும் சொல்வதில்லை. கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே இருந்த பழக்கம் இது. இரண்டாம் அலையில் அதற்கு நாம் விலை கொடுத்தோம்.

ஆவி பிடித்தால் பூஞ்சை வராது என்றும், ஆவி பிடித்ததால்தான் வந்தது என்றும் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது நிச்சயம் பொய். இரண்டாவதற்கு ஆதாரம் போதாது. ஆனால் நொச்சியும் மஞ்சளும் போட்டு நாளுக்கு ஐந்து முறை கொதிநீரில் முகத்தைப் புதைத்தவர்களுக்கு மூக்குச் சவ்வும் இமையும் வெந்ததுண்டு. பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்குத்தான் சர்க்கரை இல்லையே"

எப்போது பார்த்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. கொரோனா வார்டில் படுத்த பிறகுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது என்று சொன்னவர்கள் ஏராளம். துறைமுகத்தில் சுமை தூக்குகிறவருக்கும் லாரி ஓட்டுகிறவருக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்கப் போவது சுலபமல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பது இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கிறது.

பூஞ்சையின் முதல் அடையாளங்கள் பெரும்பாலும் கண்ணில் சிவப்பாகத் தொடங்குவதில்லை. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது மரத்துப்போதல், ஒரு பக்க மூக்கடைப்பு, கருத்த சளி, மேல்தாடைப் பல் ஆட்டம், இமை தொங்கல், பொருள் இரண்டாகத் தெரிதல். 'ஒரு பக்கம்' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொரோனாவிலிருந்து எழுந்த இரண்டு மூன்று வாரத்துக்குள், அதுவும் சர்க்கரைக்காரருக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். தனிக் கண் கிளினிக்குக்குப் போய்ப் பயன் குறைவு. காது மூக்கு தொண்டை, கண், பல், சர்க்கரை, மயக்கவியல் என்று எல்லா மருத்துவர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் வேண்டும். ராயபுரத்துக்காரருக்கு அது ஸ்டான்லி. இல்லையென்றால் சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரி. செத்த சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு வாரக்கணக்கில் ஊசி போடுவார்கள். சிலருக்கு உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க வேண்டிவந்தது. "கண்ணை எடுக்கறதுக்கு ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போகணும்" என்று தள்ளிப்போட்டால் கண்ணோடு உயிரும் போகும்.

"மாத்திரையால், ஊசியால் பார்வை போகும்"

ஹைட்ராக்சிகுளோரோகுயின் விழித்திரையைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது வாத நோய்க்காக வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களின் கவலை. சரியான அளவில் முதல் ஐந்து ஆண்டுகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. கொரோனா தடுப்புக்காக 2020-இல் சில வாரம் அதைச் சாப்பிட்ட சுகாதாரப் பணியாளர் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கொரோனா தடுப்பூசி போட்டால் கண் குருடாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்டபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண் அழற்சிகள் பதிவாகின. பெரும்பாலும் சிகிச்சையில் சரியாகின.

"வலி இல்லை, அதனால் பயமில்லை"

கொரோனா ரத்தத்தை உறையவைக்கும் நோய். காலிலும் நுரையீரலிலும் கட்டி அடைப்பதுபோல், அரிதாக விழித்திரையின் குழாயிலும் அடைக்கும். வலி இருக்காது. சிவப்பு துளியும் இருக்காது. காலையில் எழுந்தால் ஒரு கண்ணில் திரை விழுந்திருக்கும். விழித்திரைத் தமனி முழுக்க அடைத்தால் அதைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம்தான். பக்கவாதம்போல ஓட வேண்டிய அவசரம். ஆனால் இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடுவதால் பலருக்கு நாட்கள் கழிந்த பிறகே தெரியவருகிறது. ஒரு கண்ணைக் கையால் மூடி, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் படித்துப் பாருங்கள், பிறகு மற்றதை. காசு செலவில்லாத சோதனை. மங்கல் இருந்தால் சொட்டு மருந்தைத் தேடாமல் எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு வண்டி ஏறுங்கள். 1819-இல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று நம்மிடமிருந்து ஆட்டோ தூரத்தில் இருக்கிறது என்பதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை.

"தாய்ப்பால் விட்டால் ஆறும்"

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், பன்னீர். வெல்டிங் வெளிச்சம் பட்டு இரவில் கண் அரைபடுவதுபோல் வலிக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும், மெட்ராஸ் ஐ வந்த குழந்தைக்கும், சானிடைசர் தெறித்தவருக்கும் இந்த நாலில் ஒன்றைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்கிறவருக்கு அன்பு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிருமி நீக்காத எந்தத் திரவமும் கீறல் விழுந்த கருவிழிக்குள் புதுக் கிருமியைக் கொண்டுபோகும். பிறகு வருவது புண்.

ரசாயனத்தில் இந்தத் தாமதம் இன்னும் கொடியது. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பமும் சின்னகுப்பமும் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் நள்ளிரவில் தெருவுக்கு ஓடிவந்தன. அமோனியா காரம். அமிலத்தைவிடக் காரம் கருவிழிக்குள் ஆழமாக இறங்கும். வாயுவை விட்டு விலகிய அடுத்த நொடியே குழாய்த் தண்ணீரில் இமையைப் பிரித்துப் பிடித்து, குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. கழுவாமல் ஆட்டோ பிடிப்பவர் கண்ணுக்குள் ரசாயனத்தையும் ஏற்றிக்கொண்டே போகிறார்.

"போன தடவை கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருக்கு"

எல்லாவற்றிலும் இதுவே எனக்கு அதிகம் பயம் தருவது. மருந்துக்கடைச் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். விட்ட சில மணி நேரத்தில் சிவப்பு ஓடிவிடும். கண் வெளுத்துவிட்டது, மருந்து அற்புதம் என்று தோன்றும். உள்ளே ஹெர்பிஸ் வைரஸோ, தென்னிந்தியாவில் சாதாரணமான கருவிழிப் பூஞ்சைப் புண்ணோ இருந்தால் அது தடையின்றி வளரும். எதுவும் இல்லாவிட்டாலும், மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு தேயும். கண்புரை சீக்கிரம் வரும். 2022-இல் மெட்ராஸ் ஐ பரவியபோது பக்கத்து வீட்டு பாட்டில் தெரு முழுக்கச் சுற்றிய கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருவர் கண்ணில் பட்ட முனை அடுத்தவர் கண்ணுக்கு அந்த வைரஸையும் சேர்த்தே கொடுத்தது.

பெட்டியின் பின்பக்கத்தில் 'டெக்ஸாமெத்தசோன்', 'ப்ரெட்னிசோலோன்', 'பீட்டாமெத்தசோன்', 'லோட்டிப்ரெட்னால்' என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆங்கிலம் படிக்க வராதவர் கடைக்காரரிடம் நேராகக் கேட்கலாம்: "இதுல ஸ்டீராய்டு இருக்கா?" மூடி திறந்து ஒரு மாதம் ஆன சொட்டு மருந்து எதுவானாலும் குப்பைக்குப் போக வேண்டியது, மிச்சம் எவ்வளவு இருந்தாலும். திறந்த தேதியைப் பேனாவால் பாட்டில் மேலேயே எழுதி வையுங்கள்.